வானில் வளைக்கரங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளன்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அடுத்து என்ன படிக்கப் போற?” இக்கேள்விக்கு வீட்டார் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் பதில்கள் சிலவே. ஆசிரியை, தாதி, மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர். நம் பாட்டிமார் காலத்துப் பட்டியலைவிட இது நீளமானதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், “விமானி ஆகப் போகிறேன்” என்று ஒரு பெண் சொன்னால் சிரிப்பார்கள். “ஆகாயப் படையில் சேரப் போகிறேன்” என்றால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கும் மௌனத்துக்கும் பின்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘பெண்ணால் முடியுமா?’ என்பது ஒன்று. ‘பெண்ணை அனுப்பலாமா?’ என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கிடைத்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் தயங்குவோரே முதற்கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்துள்ளனர் என்பது, இது பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது. விமானத் துறையில் பெண்கள் நுழைந்த வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செந்தூலின்மேல் பறந்த விமானம்

நான் பிறந்து வளர்ந்த செந்தூல், இயந்திரங்களால் உருவான ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அமைந்த இரயில்வே பட்டறையை நம்பியே பல தமிழ்க் குடும்பங்கள் இங்குக் குடியேறின. தாத்தா அங்கு வேலை செய்தார், பிறகு அப்பா செய்தார் என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. பட்டறை இப்போது அங்கு இல்லை. திருகாணியும் கொதிகலனும் தெரிந்த அந்த மனிதர்கள் தங்கள் மகன்களுக்குக் கைத்தொழிலைக் கற்றுக் கொடுத்தனர். மகள்கள் பட்டறையின் வாசலைத் தாண்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவ்வூரின் மூத்த தலைமுறைக்கு விமானம் என்றால் ஓடி ஒளிய வேண்டிய ஒன்று. ஜப்பானியர் ஆட்சியின் இறுதியில், 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்த இரயில்வே பட்டறையைத் தாக்கின. அக்காலத்தில் உலகிலிருந்த மாபெரும் போர் விமானங்களுள் அதுவும் ஒன்று. நான்கு இயந்திரங்கள் கொண்டது.

இந்த பி-29 விமானத்திற்குப் பெண்களோடு ஒரு தொடர்பு உண்டு என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது புதிதாக வந்தபோது அதன் இயந்திரங்கள் சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே அமெரிக்க ஆண் விமானிகள் பலர் அதனை ஓட்ட அஞ்சினர். அவர்களின் அச்சத்தைப் போக்க பால் டிபெட்ஸ் என்ற அதிகாரி 1944-இல் ஒரு வழி செய்தார். (ஹிரோஷிமாவில் அணுகுண்டை வீசிய விமானத்தைப் பின்னர் ஓட்டிச் சென்றவர் இவரேதான்.) டோரா டகர்ட்டி, டோரத்தியா மூர்மன் என்ற இரண்டு பெண்களை அழைத்து, சில நாள்களிலேயே பி-29-ஐ ஓட்டப் பழக்கினார். அதற்கு முன் அவ்விருவரும் நான்கு இயந்திர விமானம் எதனையும் ஓட்டியதில்லை. அவர்கள் ஆண் விமானிகளை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டினர். அதன் பிறகு அந்த விமானத்தைப் பற்றிய முணுமுணுப்பு அடங்கிற்று. சில நாள்களில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, அப்பெண்கள் பி-29 ஓட்டுவது நிறுத்தப்பட்டது. காரியம் முடிந்துவிட்டதல்லவா!

அவர்கள் இருந்த அமைப்பு ‘வாஸ்ப்’ எனப்பட்டது. பயிற்சி முடித்த பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தொழிற்சாலையிலிருந்து படைத் தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்ப்பது முதலான பணிகளை அவர்கள் செய்தனர். 38 பேர் பணியில் உயிரிழந்தனர். ஆனால் அவர்கள் படைவீரர்களாகக் கருதப்படவில்லை. இறந்தவரின் உடலை வீட்டுக்கு அனுப்பத் தோழியரே பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1944 டிசம்பரில் அமைப்பு கலைக்கப்பட்டது. 1977-இல்தான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைத்தது. ஆக, ‘முடியுமா?’ என்ற கேள்விக்குச் செந்தூலில் குண்டு விழுவதற்கு முன்பே, அதே வகை விமானத்தில் விடை சொல்லப்பட்டுவிட்டது.

புடவையும் விமானமும்

‘அமெரிக்கா வேறு, நம் கட்டுப்பாடு வேறு’ என்று சிலர் கூறலாம். ஆகவே நமக்கு நெருக்கமான இந்தியாவைப் பார்ப்போம். 1936-ஆம் ஆண்டு, லாகூர் பறக்கும் கழகத்தில் சர்லா துக்ரால் என்ற 21 வயதுப் பெண் தனியாக விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். அவர் ஏறியது ஜிப்சி மோத் என்ற சிறிய விமானம். உடுத்தியிருந்தது புடவை. வீட்டில் அவருக்கு நான்கு வயது மகள் இருந்தாள். பதினாறு வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அவருக்கு இது எப்படிக் கைகூடியது? கணவர் பி. டி. சர்மாவும் விமானி. கணவர் வீட்டில் விமானிகள் பலர் இருந்தனர். மாமனாரே முன்னின்று ஊக்குவித்தார். மருமகள் வேலைக்குப் போவதையே மாமியார் வீடு யோசிக்கும் காலத்தில், மருமகளை விமானம் ஓட்ட அனுப்பியது ஒரு மாமியார் வீடு!

1939-இல் கணவர் விமான விபத்தில் இறந்தார். சர்லா வணிக விமானி உரிமம் பெற முயன்றார். உலகப் போர் மூண்டதால் பயிற்சி நின்றுபோயிற்று. பிறகு அவர் ஓவியம் கற்றார், நகைகளையும் துணிகளையும் வடிவமைத்தார், தில்லியில் புகழோடு வாழ்ந்து 2008-இல் மறைந்தார். மீண்டும் விமானியாக அவர் வேலை செய்யவில்லை.

சென்னையோடு தொடர்புடைய மற்றொருவர் உஷா சுந்தரம். இவருடைய கணவர் கேப்டன் வி. சுந்தரம், மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டியவர். உஷா பெங்களூர் ஜக்கூரிலிருந்த அரசாங்கப் பறக்கும் பள்ளியில் பயிற்சி பெற்றார். 1951-இல் சென்னை அரசாங்கம் டி ஹாவிலண்ட் டவ் என்ற இரட்டை இயந்திர விமானத்தை வாங்கியபோது, அதனை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தவர்கள் இத்தம்பதியர். பயண நேரம் 27 மணி. இன்று நாம் ஒரு இருக்கையில் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டு வரும் தூரத்தை, அன்று இருவர் மாறி மாறி ஓட்டி வந்திருக்கிறார்கள். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பைத் தோற்றுவித்ததும் இதே குடும்பம்தான். அவ்வமைப்பை அறிந்த தமிழர் பலருக்கு உஷா விமானி என்பது தெரியாது.

இவ்விரு பெண்களும் பறந்ததற்குக் காரணம் திறமை மட்டுமன்று. வீட்டுக் கதவு உள்ளிருந்தே திறந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தட்டு ஏந்தலாம், விமானம் ஓட்டலாகாது

வீட்டில் சம்மதம் கிடைத்தாலும் வேலை தருபவர் சம்மதிக்க வேண்டுமே. பிரேம் மாத்தூர் 1940-களின் இறுதியில் வணிக விமானி உரிமம் பெற்று வேலை தேடியபோது எட்டு விமான நிறுவனங்கள் அவரை நிராகரித்தன. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் பயணிகள் பயப்படுவார்களாம். ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் நிறுவனமே அவருக்குத் துணை விமானி வேலை கொடுத்தது. துர்பா பானர்ஜி விமானி வேலை கேட்டுச் சென்றபோது, அன்றைய விமானத் துறை அமைச்சர் ஹுமாயூன் கபீர் விமானப் பணிப்பெண் வேலையைக் கொடுக்க முன்வந்தார். துர்பா அதை ஏற்கவில்லை. 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகவே சேர்ந்தார்.

அமைச்சரின் அந்த யோசனையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பணிப்பெண்ணும் அதே விமானத்தில்தான் பறக்கிறாள். அதே நள்ளிரவில்தான் வேலை முடிந்து இறங்குகிறாள். அந்நிய ஊரில், அதே விடுதியில்தான் தங்குகிறாள். விபத்து வந்தால் அவளுக்கும் விமானிக்கும் ஒரே கதிதான். அப்படியிருக்க, முன்னறையில் அமர்வது மட்டும் பெண்ணுக்கு ஆபத்து என்றால், அங்கே பேசப்படுவது பாதுகாப்பைப் பற்றியன்று, அதிகாரத்தைப் பற்றி. அண்டை நாட்டிலும் இதே கதைதான். பணிப்பெண்ணின் முகத்தையே 1972 முதல் தன் விளம்பரச் சின்னமாக உலகமெங்கும் காட்டி வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பெண்களைப் பயிற்சி விமானிகளாக ஏற்றது 2015-ஆம் ஆண்டு வாக்கில்தான். அந்நாட்டின் ஆகாயப் படையோ 1979-இலேயே கோ சாய் ஹொங் என்ற பெண்ணை விமானியாக்கிவிட்டது.

இந்தியாவில் 1985 நவம்பரில், கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குச் சென்ற ஃபாக்கர் விமானத்தைச் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் ஓட்டிச் சென்றனர். விமானக் குழுவினர் அனைவரும் பெண்கள். பயணிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனர்.

உடல் தாங்குமா?

இராணுவ விமானம் என்று வரும்போது மேலும் ஒரு தடை எழுப்பப்படுகிறது. அதுதான் உடல். இதில் அறிவியல் இருப்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

போர் விமானம் வேகமாக வளையும்போது விமானியின் உடல் எடை பன்மடங்காக உணரப்படும். இதனை ‘ஜி’ விசை என்பர். 9 ஜி என்றால் 55 கிலோ எடையுள்ள ஒருவர் 495 கிலோ எடையாக இருக்கையில் அழுத்தப்படுவார். இரத்தம் காலை நோக்கி இறங்கும். மூளைக்கு இரத்தம் குறைந்தால் முதலில் பார்வை மங்கும், பிறகு நினைவு தப்பும். இதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கும் காற்றுடை உண்டு. தசைகளை இறுக்கி மூச்சை அடக்கி விடும் தனிப் பயிற்சியும் உண்டு. இதயத்துக்கும் மூளைக்கும் இடையிலான தூரம் குறைவாக இருப்பது இவ்விசையைத் தாங்க உதவுகிறது. ஆகவே குள்ளமாக இருப்பது இங்கு ஒரு குறையன்று. ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் ஜி விசையைத் தாங்குவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

சில வேளைகளில் குறை இயந்திரத்தில் இருக்கும். பழி உடல்மேல் விழும். அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தில் ஏறத்தாழ 62 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்கள் பறக்க 2015-இல் தடை விதிக்கப்பட்டது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது கழுத்து முறியக்கூடும் என்பது காரணம். தலைக்கவசத்தின் எடையைக் குறைத்து, இருக்கையையும் திருத்திய பின் 2017-இல் அத்தடை நீங்கியது. விமானிகளின் எடை கூடவில்லை. கவசத்தின் எடைதான் குறைந்தது.

இந்திய ஆகாயப் படையின் கதை இன்னும் சுவையானது. 1990-களின் தொடக்கத்தில் பெண்கள் குறுகிய காலப் பணியில் சேர அனுமதிக்கப்பட்டனர். 1994 செப்டம்பரில் ஹரிதா கௌர் தியோல், 22 வயதில், ஆவ்ரோ விமானத்தைத் தனியாக ஓட்டினார். என் வயதுதான் அவருக்கு. 1996 டிசம்பரில் நெல்லூர் அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1999-இல் கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ஆகிய இருவரும் சீட்டா ஹெலிகாப்டர்களில் காயமடைந்த வீரர்களை ஏற்றி வந்தனர். கையில் ஹெலிகாப்டரைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். ஆனால் போர் விமானத்தைக் கொடுக்கவில்லை.

2014 மார்ச்சில், அப்போதைய ஆகாயப் படைத் தளபதி அரூப் ராஹா, நீண்ட நேரம் போர் விமானம் ஓட்டப் பெண்களின் உடல் இயற்கையாகவே ஏற்றதன்று என்றும், கருவுற்ற காலத்தில் இது மேலும் சிக்கல் என்றும் கருத்துரைத்தார். 2015 அக்டோபர் 8-ஆம் நாள், ஆகாயப் படை தினத்தன்று, பெண்களைப் போர் விமானிகளாக எடுக்கப் போவதாக அறிவித்தவரும் அதே தளபதிதான். இடைப்பட்டது ஒன்றரை ஆண்டு. அதற்குள் இந்தியப் பெண்களின் உடலில் என்ன மாற்றம் நேர்ந்திருக்க முடியும்? மாறியது முடிவு. 2016 ஜூன் 18-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் அதிகாரிகளாகப் பொறுப்பேற்றனர். 2018 பிப்ரவரியில் அவனி மிக்-21 விமானத்தைத் தனியாக ஓட்டினார்.

நம் நாடு இவ்விடயத்தில் முந்திக்கொண்டது என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். சபா மாநிலம், சண்டாக்கானைச் சேர்ந்த மேஜர் பெட்ரிஷியா யாப், இந்தியப் பெண்கள் போர் விமானத்தில் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அரச மலேசிய ஆகாயப் படையில் மிக்-29 ஓட்டினார். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் செல்லக்கூடிய விமானம் அது. ‘ஸ்மோக்கி பேண்டிட்ஸ்’ என்ற வான்சாகசக் குழுவிலும் அவர் பறந்தார். நம் பாடநூல்களில் இவர் பெயரை நான் கண்டதில்லை.

வானத்தில் அனுமதி, சாலையில் தடை

சமயக் கட்டுப்பாடு மிகுந்த நாடுகளில் என்ன நடந்தது? சவூதி அரேபியாவின் ஹனாடி ஹிண்டி, 2005-இல் ஜோர்டானில் பயின்று விமானி உரிமம் பெற்றார். அப்போது அவருடைய நாட்டில் பெண்கள் கார் ஓட்டக்கூடாது. அந்தத் தடை 2018 ஜூனில்தான் நீங்கியது. இடையில், 2016 பிப்ரவரியில், புருணையின் தேசிய தினத்தன்று ராயல் புருணை விமானம் ஒன்றைக் கேப்டன் ஷரிபா சரீனாவும் இரு பெண் விமானிகளும் ஜெட்டாவுக்கு ஓட்டிச் சென்று இறக்கினர். இறங்கிய ஊரில் ஒரு வாடகைக் காரைக்கூட அவர்கள் ஓட்டியிருக்க முடியாது. சட்டம் எத்தனை விசித்திரமானது பாருங்கள்!

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. ஆப்கானிஸ்தானின் நிலோஃபர் ரஹ்மானி 2013-இல் ஆகாயப் படை விமானியானார். பெற்றோர் முழுமனத்தோடு துணை நின்றனர். கொலை மிரட்டல்கள் வந்தன. அவருக்காகக் குடும்பமே வீடு மாறி மாறி ஒளிந்து வாழ நேர்ந்தது. 2018-இல் அமெரிக்கா அவருக்கு அடைக்கலம் தந்தது. வீட்டின் சம்மதம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் வீட்டில்

இப்போது ஒரு புதிர். விமானிகளில் பெண்கள் உலக அளவில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். இந்தியாவில் அது சுமார் 15 விழுக்காடு. பெண்ணுரிமையில் முன்னேறிய நாடுகள் என நாம் சொல்லும் பல நாடுகளைவிட இது அதிகம். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவப் பாதையில் ஏர் இந்தியா விமானத்தை ஓட்டி வந்த ஸோயா அகர்வாலும் மற்ற மூவரும் பெண்களே. கட்டுப்பாடு மிகுந்த ஒரு சமூகத்தில் இது எப்படி? தேசிய மாணவர் படையின் ஆகாயப் பிரிவில் மாணவிகள் பள்ளி, கல்லூரிக் காலத்திலேயே சிறு விமானங்களோடு பழகுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மற்றொரு காரணம் என் கவனத்தை ஈர்த்தது. அது கூட்டுக் குடும்பம். தாய் நான்கு நாள் வெளிநாடு சென்றாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறார். பெண்ணை வெளியே விடாமல் பூட்டியதும் இதே குடும்பம்தான். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

எங்கள் தெருவில் வளர்ந்த தோழி ஒருத்தியை நான் அறிவேன். இயற்பியலில் கெட்டிக்காரி. ஐந்தாம் படிவத்தில் ஆகாயப் படைக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். பள்ளியில் ஆலோசகரிடம் கேட்டபோது, “அதெல்லாம் உனக்கு ஒத்துவராதும்மா” என்று சொல்லித் தாதிப் பயிற்சிக்கான விளக்கத்தாளைக் கொடுத்தார். வீட்டில் அவளுடைய அம்மா, “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்னடி சொல்றது?” என்றார். அவள் உயரத்தையோ பார்வையையோ யாரும் அளந்து பார்க்கவில்லை. அவள் கணிதத் திறனை யாரும் சோதிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுடைய தம்பி தனியார் கல்லூரியில் பொறியியல் சேர, அதே அம்மா தம் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகு வைத்தார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். மகனுக்குச் செலவு செய்தால் ஊர் பாராட்டும். மகளுக்கு அதே செலவைச் செய்தால் ஊர் கேள்வி கேட்கும். அவர் ஊரோடு ஒத்துப் போனார்.

செலவு என்பது உண்மையான தடை. தனியார் விமானப் பயிற்சிக்கு நம் நாட்டில் மூன்று இலட்சம் வெள்ளி வரையிலும் அதற்கு மேலும் ஆகும். செந்தூல் அடுக்குமாடியில் ஒரு வீட்டின் விலை அது. ஆகாயப் படையில் பயிற்சிக்கு விமானி கட்டணம் கட்டுவதில்லை; ஊதியமும் உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அருகிலுள்ள வழி அதுவே. நம்மவர் மிகவும் அஞ்சும் வழியும் அதுவேதான்.

விவரம் தெரியாமல் கைவிடுவோரும் உள்ளனர். கண்ணாடி அணிந்தால் விமானி ஆகவே முடியாது என்பது அவற்றுள் ஒன்று. பயணிகள் விமானத் துறையில், கண்ணாடியோடு பார்வை தேவையான அளவு இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கிடைக்கும். இராணுவத்தின் விதிகளே கடுமையானவை. வணிக விமானி உரிமத்துக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக 200 மணி நேரமும், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியானால் 150 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். ஆங்கிலத் திறனில் ஆறு படிகளுள் நான்காவது படியையாவது எட்ட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய நமக்கு அது எட்டாத படியன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக வருவது கணிதமும் இயற்பியலும். மூன்றாம் படிவத்தின் இறுதியில் மாணவர்கள் நான்காம் படிவத்துக்கான பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே இயற்பியலை விட்டுவிட்ட மாணவிக்குப் பதினைந்து வயதிலேயே இவ்வழி ஏறத்தாழ அடைபட்டுப் போகிறது. அப்போது யாரும் அவளிடம் விமானத்தைப் பற்றிப் பேசியிருக்கவும் மாட்டார்கள். என் சித்தி மகள் இவ்வாண்டு மூன்றாம் படிவம். போன வாரம் அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இயற்பியல் உள்ள தொகுப்பைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். கீழே பெற்றோர் கையொப்பமிடும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் பேச நானும் அவளோடு போகிறேன்.